மலைச் சாமிக்கு வீணை

வானொலியின் பக்தி நிகழ்ச்சிக்காக ஜவ்வாது மலையில் ஒரு பூசாரியைச் சந்தித்தேன். சாமை பயிரிடும் ஒல்லியான மனிதர். சாமியைப் பற்றிப் பேசுமுன் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொள்வார். மைக்கின் முன்னும் அப்படித்தான் உட்கார்ந்தார்.

“மழ இல்லன்னா உனக்கு இன்னாத்துக்குக் கிடான்னு சாமிகிட்ட சண்ட போடுவோங்க,” என்றார்.

பட்டணத்துக்காரர்கள் முகம் சுளிப்பார்களென்று நான் அதை வெட்டி எறிந்தேன். மிச்சத்தை அறிவிப்பாளரைச் சுத்தத் தமிழில் வாசிக்கவைத்து, வீணையும் சேர்த்தேன்.

ஒலிபரப்பை அவரோடு பஞ்சாயத்து ரேடியோவில் கேட்டேன். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கேட்க உட்கார்ந்தவர், பாதியிலேயே அதை எடுத்துத் தலையில் சுற்றிக்கொண்டார். முடிந்ததும் மரியாதையாகக் கேட்டார்.

“நல்லா இருந்துச்சுங்க. இது எந்த ஊரு சாமிங்க?”

அந்த நிகழ்ச்சியில் நான் மாற்றாமல் விட்டது அவருடைய மலையின் பெயரை மட்டும்தான்.