ஸ்கேல் அக்காவின் மூன்றாவது பாதை

அணைக்கட்டு அலுவலகத்தின் இரண்டாவது மாடியில், வரைபடப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்த்த அந்தப் பெண்ணை எல்லோரும் ‘ஸ்கேல் அக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். கம்ப்யூட்டர் வந்து எத்தனையோ வருடம் ஆன பிறகும் அவருடைய கைப்பையிலிருந்து முப்பது சென்டிமீட்டர் ஸ்கேல் ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். மேலாளருக்கு அவரைவிட ஆறு வயது அதிகம். அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

நீர்த்தேக்கத்தின் கரை அக்காவுக்கு மனப்பாடம். எங்கே உள்வாங்குகிறது, எங்கே நாக்கு மாதிரி தண்ணீருக்குள் நீள்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு வரைந்துவிடுவார். ஆனால் ஒருமுறைகூட அதைச் சுற்றி வந்ததில்லை. அவருடைய மேசையை ஒட்டிய ஜன்னல் வழியே தெரிந்தது வண்டிகள் நிறுத்தும் இடம்தான். காலையில் பஸ், மாலையில் பஸ், வீட்டில் பள்ளிக்கூட வேதியியல் விடைத்தாள்களோடு உட்கார்ந்திருக்கும் கணவர். இப்படியே நாற்பத்தேழு வயதாகிவிட்டது.

அந்த வருடம் அலுவலகம் ஒரு முடிவெடுத்தது. நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள மேய்ச்சல் வெளிகளிலும் சிறு குன்றுகளிலும் மலைச் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்காக மூன்று பாதைகள். பச்சை, குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு. நீலம், கொஞ்சம் பழகியவர்களுக்கு. சிவப்பு, நீரை ஒரு முழுச் சுற்று சுற்றி வர, முப்பத்தோரு கிலோமீட்டர். பழைய வரைபடங்களை எடுத்து வைத்துக்கொண்டு அக்கா ஆறே வாரத்தில் வரைந்து கொடுத்தார். அழகாக அச்சாகி வந்தது.

அச்சான இரண்டாவது திங்கட்கிழமை ஒருவர் மாடியேறி வந்தார். பேன்ட் முழங்காலில் கிழிந்திருந்தது. கையில் சேறு படிந்த வரைபடம். ஊரில் பல் டாக்டர்.

“இதை வரைஞ்சது யாருங்க?”

“நான்தான்,” என்றார் அக்கா.

“சிவப்புப் பாதையில இங்க ஒரு பாலம் போட்டிருக்கீங்க.”

“ஆமா.”

“இருந்தா நல்லாத்தான் இருக்கும். ரெண்டு தூண் மட்டும் நிக்குது. திரும்பி வர்ற வழியில சைக்கிள் சங்கிலி வேற அறுந்துபோச்சு. ஏழு கிலோமீட்டர் தள்ளிக்கிட்டே வந்தேன்.”

மேலாளர் எழுந்து வந்தார். “எழுதிக் குடுத்துட்டுப் போங்க சார், பார்க்கச் சொல்றோம்.”

“எழுதிக் குடுக்க வரலைங்க, சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்.” பிறகு அக்காவைப் பார்த்து, கோபமில்லாமல் சொன்னார்: “நான் உங்களை மாதிரி பார்க்காம வேலை செஞ்சா, நல்ல பல்லைப் பிடுங்கிடுவேங்க.”

பாலம் என்றோ ஒரு வெள்ளத்தில் போய்விட்டிருந்தது. வரைபடப் பிரிவுக்கு யாரும் சொல்லவில்லை. அக்காவை யாரும் ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. ஆனால் அன்று அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போனார்.

“பார்க்காமலே வரைஞ்சிருக்கேன்,” என்றார் இரவுச் சாப்பாட்டின்போது.

“எல்லாரும் அப்படித்தானே வரையறாங்க?” என்றார் கணவர்.

“அவங்க எப்படியோ போகட்டும். என் பேரைக் கேட்டுக்கிட்டு ஒருத்தர் கிழிஞ்ச பேன்ட்டோட வந்து நிக்கிறாரே!”

அந்தச் சனிக்கிழமை அக்கா தன் தம்பியின் கடைக்குப் போனார். அணையின் நுழைவாயிலை ஒட்டிச் சைக்கிள் பழுது பார்த்து வாடகைக்கும் விடும் கடை அது. கூரையிலிருந்து சைக்கிள்கள் தலைகீழாகத் தொங்கின.

“ஒரு சைக்கிள் குடுடா.”

தம்பி அக்காவின் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். “யாருக்கு?”

“எனக்குத்தான்.”

“நீ கடைசியா எப்ப ஓட்டின?”

“எட்டாவது படிக்கும்போது.”

வந்த சிரிப்பை அக்காவின் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டான். ஒன்றை இறக்கி, இருக்கையைத் தாழ்த்திக் கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அலுவலகத்தின் வண்டி நிறுத்துமிடம் காலியாக இருக்கும். அங்கேதான் பழகினார். ஓட்டுவது மறக்கவில்லை, கியர்தான் உயிரை வாங்கியது.

“மிதிச்சுக்கிட்டே மாத்துக்கா! நின்னுட்டு மாத்தாதே!”

“ரெண்டு கை வச்சுக்கிட்டு நாலு வேலை பார்க்கச் சொல்றியேடா!”

முதல் தடவை விழுந்தபோது யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றும் முற்றும் பார்த்தார். இரண்டாம் தடவை பார்க்கவில்லை. மண்ணைத் தட்டிவிட்டு ஏறிக்கொண்டார்.

ஐந்தாவது வாரம் பச்சைப் பாதையில் போனார். காகிதத்தில் மூன்று மெல்லிய உயரக் கோடுகளாகக் கிடந்த மேடு தொடையில் நெருப்பு வைத்தது. மேலே போய் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது கீழே தண்ணீர் முழுதாகத் தெரிந்தது. காற்றே இல்லை. ஒரு நீர்க்கோழி இழுத்துக்கொண்டு போன கோடு கரைவரைக்கும் விரிந்து வந்து புல்லில் மோதி நின்றது. தான் வரைந்த கரைதானா இது என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நோட்டை எடுத்து, ‘மேடு. தள்ளிக்கொண்டு ஏறலாம்’ என்று எழுதினார்.

பச்சையிலும் நீலத்திலும் பதினாறு திருத்தங்கள். சிவப்பில் சிக்கல் வேறு மாதிரி. பாலம் இல்லாத ஓடையைச் சுற்றிப் போக ஒரே வழி ஒரு மேய்ச்சல் நிலம். அதன் இரும்புக் கேட்டில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து ஆட்டுக்காரர் வெளியே வந்தார்.

“வழி கிடையாதும்மா.”

“முன்னாடி திறந்துதான் இருந்ததாமே?”

“இருந்தது. வர்றவங்க திறக்கிறாங்க, போறாங்க, சாத்துறது மட்டும் மறந்துடுது. போன வருஷம் எழுபது ஆடும் தார் ரோட்டுக்குப் போயிடுச்சு. ரெண்டு ஆடு வண்டியில அடிபட்டுச்சு. அதுல ஒண்ணு சினை.”

அக்கா சைக்கிளைத் திருப்பினார். மறு சனிக்கிழமையும் போனார். அதற்கடுத்த சனிக்கிழமையும். மூன்றாவது தடவை ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “எத்தனை பேர் சாத்தாம போறாங்கன்னு எண்ணிப் பார்த்திருக்கீங்களா?”

“எதுக்கு எண்ணணும்? எல்லாருந்தான்.”

“ஒரு நாள் எண்ணிப் பார்ப்போமா? ஆடுகளை அன்னைக்கு மேல் பட்டியில அடைச்சு வைங்க.”

ஆட்டுக்காரருக்கே ஆர்வம் வந்துவிட்டது. ஒரு விடுமுறை நாளில் பூட்டைத் திறந்துவிட்டு, அவருடைய சமையலறை ஜன்னலோரம் இருவரும் உட்கார்ந்தார்கள். மேசையில் இரண்டு கோப்பை டீ, ஒரு நோட்டு. ஒவ்வொருவரும் கேட்டைத் தாண்டும்போது இருவரும் கழுத்தை நீட்டினார்கள். சாத்தினால் ஒரு கோடு, சாத்தாவிட்டால் ஒரு வட்டம். திறந்து கிடந்த ஒவ்வொரு தடவையும் ஆட்டுக்காரர் எழுந்துபோய்ச் சாத்திவிட்டு முணுமுணுத்துக்கொண்டே திரும்பி வந்தார். மாலை ஐந்து மணிக்கு முப்பத்தெட்டுப் பேர் போயிருந்தார்கள்.

“ஒன்பது பேர் சாத்தலை,” என்றார் அக்கா குரலைத் தாழ்த்தி. அவருக்கு அவமானமாக இருந்தது.

ஆட்டுக்காரர் நோட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். “இருபத்தொன்பது பேர் சாத்தினாங்களா?” என்றார். கோடுகளை விரலால் எண்ணிவிட்டு, “ஆனா ஆடு வெளிய போக ஒருத்தர் போதுமேம்மா,” என்றார்.

“அந்த ஒருத்தர் மறந்தாலும் கேட் அதுவா சாத்திக்கிட்டா?”

தம்பி வந்து கேட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பழைய கீல்களைக் கழற்றி, மேல் கீலைச் சற்றே சாய்த்துப் பொருத்தினான். எவ்வளவு அகலமாகத் திறந்தாலும் தன் பாரத்திலேயே ஆடி வந்து ‘டக்’ என்று கொண்டியில் விழுந்தது. சைக்கிளில் உட்கார்ந்தபடியே திறக்க உயரமாக ஒரு கைப்பிடியும் வைத்தான். ஆட்டுக்காரர் பத்துத் தடவை திறந்துவிட்டுப் பார்த்தார். பிறகு மந்தையிலேயே பொல்லாத கிழட்டுக் கிடாவைக் கொண்டுவந்து விட்டார். அது இரண்டு முட்டு முட்டிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு புல்லைத் தேடிப் போனது.

“குட்டி போடுற ஆறு வாரம் யாரும் வரக்கூடாது,” என்றார் ஆட்டுக்காரர். “மிச்ச நாள் வரட்டும்.”

புதிய வரைபடத்தில் அந்த ஆறு வாரத்தைச் சிவப்புக் கட்டம் கட்டிப் போட்டார் அக்கா. கூடவே ஆங்காங்கே சின்ன எழுத்தில் குறிப்புகள்: ‘இங்கே இறங்கித் தள்ளவும், வெட்கப்பட ஒன்றுமில்லை.’ ‘மழைக்குப் பின் வழுக்கும்.’ ‘நாய் குரைக்கும், அவ்வளவுதான்.’

மேலாளர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். “இதையெல்லாமா மேப்ல போடுவாங்க?”

“போறவங்களுக்கு இதுதான் சார் வேணும்.”

நாய்க் குறிப்பை மட்டும் எடுக்கச் சொன்னார். அக்கா எடுக்கவில்லை. அச்சாகி வந்த பிறகு அவரும் கேட்கவில்லை. முதல் பிரதியை அக்கா பல் டாக்டரிடம் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் ஒரு நோயாளியை வாய் திறந்தபடி காக்க வைத்துவிட்டு, நின்றுகொண்டே முழுக்கப் படித்தார்.

அக்காவுக்கு இப்போது ஐம்பத்திரண்டு. மாதத்துக்கு ஒருமுறை சிவப்புப் பாதையை முழுதாகச் சுற்றுகிறார். நாலரை மணி நேரம் ஆகிறது. கணவர் பச்சையோடு சரி, அதிலும் பாதித் தூரம் பேச்சுதான். போன மாதம் ஓடைக்கு அப்பாலுள்ள மேட்டில் அக்கா இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தபோது பின்னால் மணி அடித்தது. ஆட்டுக்காரர். தூரத்து வேலியைப் பார்த்துவிட்டு வருவதற்குத் தம்பியிடம் ஒரு பழைய சைக்கிள் வாங்கியிருந்தார். ரப்பர் பூட்ஸோடு மிதித்துக்கொண்டு வந்தார்.

“தள்ளுங்க, தள்ளுங்க, அவசரமில்லை,” என்று சொல்லிவிட்டு, இறங்காமலே மேட்டைத் தாண்டிப் போய்விட்டார்.