இருபது கிளிப்புகள்

போன சனிக்கிழமை எங்கள் லிஃப்ட் வாசலில் ஒரு பெண் அழுதாள். அழவைத்தது நான். அது அவளுக்குத் தெரியாது.

பெயர் மீனா. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். பக்கவாதத்தில் முடங்கிய கைக்குச் சோறு பிசையவும் பொத்தான் போடவும் மறுபடி பழக்கிவிடுகிற வேலை. லைசென்ஸ் வாங்கி இரண்டே மாதம். ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகரில் எங்கள் வீடுதான் அவள் தனியாக வந்த முதல் வீடு. செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம் அவளுடையது.

முதல் நாள் அவள் வந்தபோது, பக்கவாதத்தில் வலது கை விழுந்துபோன என் மனைவி செல்விக்கு நான் தலை வாரிக்கொண்டிருந்தேன். "நக்கோ அங்கிள்!" என்று, வேண்டாம் என்பதை ஹைதராபாத் உருதுவில் சொல்லி, சீப்பைப் பிடுங்கிவிட்டாள். "நீங்க பண்ணினா ஆன்ட்டி கை தூங்கிடும்."

"அது ஏற்கெனவே குறட்டை விடுதும்மா" என்றாள் செல்வி.

வாரம் ஒரு முறை வருவாள். மற்ற நாட்களுக்கு வீட்டுப்பாடம். துணி காயப்போடுகிற கிளிப் இருபது. வலது கையால் ஒவ்வொன்றாக வாளி விளிம்பில் மாட்ட வேண்டும். முடித்தால் தாளில் ஒரு டிக். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். டிக் போட அந்தப் படிப்பு போதாதா?

இரண்டாம் நாளே செல்வி அழுதுவிட்டாள். கிளிப் நழுவி நழுவி விழுந்தது. எங்கள் மாவுக் கடையில் இருபது வருடம் பாக்கெட்டுக்கு மின்னல் மாதிரி முடிச்சுப் போட்ட விரல்கள்... என்னால் பார்க்க முடியவில்லை. மீதியை நான் மாட்டினேன். டிக் போட்டேன். மறுநாளிலிருந்து இருபதையும் நானே மாட்டினேன். வெறும் தாளைப் பார்த்தால் அந்தப் பெண்ணின் முகம் வாடிவிடுமே என்றும் ஒரு நினைப்பு. முதல் கேஸ் இல்லையா?

ஐந்து வாரம். தாள் நிறைய டிக். கை மட்டும் அப்படியே இருந்தது.

போன சனிக்கிழமை மீனா அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்தாள். "ஒரு நாள்கூட மிஸ் பண்ணல. ஆனாலும் கை வரல. அப்போ நான்தான் தப்பா பண்றேன் ஆன்ட்டி. சீனியரை அனுப்பச் சொல்லிட்டேன்."

செல்வி என்னைப் பார்த்தாள். நான் வாளியைப் பார்த்தேன்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் லிஃப்ட் வரை கூடவே போனேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு இந்த வேலை வராது போல அங்கிள்" என்றாள். என் வாயில் வந்தது என்ன தெரியுமா?

"பார்த்துப் போம்மா."

கதவு மூடிக்கொண்டது.

உள்ளே வந்தால், செல்வி இடது கையால் வாளியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தாள். "என் கையைக் கெடுத்தது போதாதா? அந்தப் பொண்ணு பொழப்பையும் கெடுக்கணுமா? நானும்தான் பேசாம இருந்துட்டேன்... போனைப் போட்டுச் சொல்லுங்க."

முதல் சில மாதங்கள்தான் முக்கியம், அப்போது பழக்கினால்தான் கை திரும்பும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதில் ஐந்து வாரத்தை நான் தின்றுவிட்டேன். பாசம் என்று நாம் செய்து கொடுப்பதில் பாதி, அவர்கள் கஷ்டப்படுவதை நம்மால் பார்க்க முடியாததால் செய்வதுதான் — இல்லையா?

நேற்று செல்வி இரண்டு கிளிப் மாட்டினாள். முக்கால் மணி நேரம். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போன் இன்னும் போடவில்லை. மூன்று முறை எடுத்தேன், வைத்தேன். அதனால் இங்கே எழுதுகிறேன்: தப்பு உன்னுடையது இல்லை, மீனா.

ஆனால்... அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. எனக்கு எழுத வரும், பேச வராது.