பதினாலு பேருக்கும் ஒரே பிறந்தநாள்

பீர்மேட்டுத் தேயிலை எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் எங்கள் நாலாம் வகுப்பில் பதினாலு பிள்ளைகள். பதினாலு பேரும் பிறந்தது மே இருபத்தொன்பது. அதிசயப்பட ஒன்றுமில்லை. சேர்க்க வந்த தாய்மாருக்குத் தேதி தெரியவில்லை. ஜூன் ஒன்றுக்குள் வயது நிறைந்தால் சரியென்று தலைமையாசிரியர் எல்லாருக்கும் அதையே எழுதித் தள்ளிவிட்டார்.

எழுபத்தைந்தில் புதிதாக வந்த சாருக்கு இது தெரியாது. அவரவர் பிறந்த தேதியில் உலகத்தில் நடந்த பெரிய காரியம் ஒன்றை விசாரித்து வந்து வாசிக்கச் சொன்னார். பள்ளிக்கூடத்திலிருந்த ஒரே பொது அறிவுப் புத்தகத்தில் அந்தத் தேதிக்கு ஒரே வரிதான்: எவரெஸ்ட் உச்சியில் மனிதன் முதன்முதலாக ஏறிய நாள். பதினாலு பேரும் அதையே எழுதிக்கொண்டோம்.

எனக்குத் தனியாக ஒன்று வேண்டுமென்று ஆசை. லயத்து வீட்டில் அடுப்பு ஊதிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன்.

"நீ பொறந்த அன்னைக்கா? பேய் மழைட்டி. கொழுந்து எடுக்கையிலயே வலி வந்துருச்சு. கங்காணி எறங்கக் கூடாதுன்னுட்டான். எதுத்தவீட்டு அத்தைதான் மொதல்ல கூடையக் கீழ போட்டா. பொறவு கூட கொழுந்தெடுத்த பதினேழு பேரும் போட்டுட்டாக. சாக்குல கெடத்தி என்னையத் தூக்கிட்டு எறங்குனாக. அதுக்கு முன்ன இந்த மலையில யாரும் வேலைய நிறுத்துனதில்ல. ஒரு வாரம் அம்புட்டுப் பேரையும் வேலைக்கு வரவேணாம்னுட்டான். அதைப் போய் சொல்லு."

மறுநாள் முதல் பையன் எவரெஸ்ட் ஏறினான். அடுத்தவளும் ஏறினாள். ஐந்தாவது ஆள் ஏறும்போது சாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "வேற ஏதாச்சும் யாருக்காவது கெடச்சுதா?" என்று என் முகத்தைப் பார்த்தார். சாக்கும் கங்காணியும் வாய் வரைக்கும் வந்துவிட்டன. பாழாய்ப்போன வெட்கம்! நானும் எவரெஸ்ட் ஏறி இறங்கி உட்கார்ந்துகொண்டேன்.

சாயங்காலம் கூடையை இறக்கும் முன்பே அம்மா கேட்டாள். "சொன்னியாட்டி?"

"சொன்னேன். எல்லாரும் கை தட்டுனாக."

அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சோறு வேகும் முன்னே லயம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாள் காலையில் வேலைக்குப் போன பெண்கள் என்னை வழிமறித்துக்கொண்டார்கள். ஒருத்தி கன்னத்தைக் கிள்ளினாள். எதிர்வீட்டு அத்தை என் மோவாயைப் பிடித்து, "எம் பேரையும் சொன்னியாத்தா?" என்றாள்.

"சொன்னேன் அத்தை."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மலையேறிப் போனாள். வகுப்பில் பேர் சொன்னதற்கெல்லாம் இவ்வளவு பெரிய மனுஷி எதற்கு அழ வேண்டும்? பள்ளிக்கூடம் போய்ச் சேரும் வரை யோசித்தேன். எனக்குப் பிடிபடவேயில்லை.