ராகுகாலமும் சைகோன் ஆறும்

"பொட்டப்புள்ள கப்பலேறிப் போயி இன்னா பண்ணப் போவுது? அங்க கீறவளுங்களுக்குப் புள்ள பெத்துக்கத் தெரியாதா?"

புதுச்சேரிப் பக்கம் செலியமேட்டில் என் பெரியப்பா கேட்டது இது. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் மருத்துவச்சிப் பயிற்சி முடித்திருந்தேன். சைகோனில் நம்மவர் வீட்டுப் பெண்கள் பிரசவ நேரத்தில் தமிழ் பேசும் ஆளில்லாமல் தவிக்கிறார்கள் என்று அங்கே துணிக்கடையில் வேலை பார்த்த அண்ணன் எழுதியிருந்தான். பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

சைகோன் கடற்கரை ஊர் இல்லை. கப்பல் கடலை விட்டு ஆற்றுக்குள் திரும்பி, வளைந்து வளைந்து நெடுநேரம் போகிறது. இருபுறமும் நெல் வயல். எங்கள் பாகூர் வயல்களுக்கு நடுவே கப்பல் போனால் எப்படி இருக்கும், அப்படி! ஊருக்குள் தெருவுக்குத் தெரு கால்வாய். படகிலேயே குடித்தனம், படகிலேயே அடுப்பு, கோழி, தொட்டில்.

முதல் அழைப்பு ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு வந்தது. கால்வாயின் மறுகோடியில் கடை வைத்திருந்த, எங்கள் பக்கத்து ஊர்க் கிருமாம்பாக்கத்துக்காரர் படகோடு வந்து நின்றார். படகை ஓட்டியவள் அந்த ஊர்க்காரி, ஒரு அன்னமியப் பெண்.

"ஊட்டுக்காரிக்கு வலி வுட்டு வுட்டு வருது தங்கச்சி. கெளம்பு."

"பன்னெண்டு வரைக்கும் ராகுகாலம் அண்ணே. தலைப்பிரசவம். வுட்டு வுட்டுத்தானே வருது, நேரம் இருக்குது."

"அதுக்குள்ள தண்ணி எறங்கிப்பூடும்மா!"

"ஆறு எங்கண்ணே ஓடிப் போயிடும்?" என்று சிரித்தேன். எங்கள் பெண்ணையாற்றில் வெள்ளம் வந்தால் வடிய நாளாகும். படகுக்காரி கரையைக் காட்டித் தன் மொழியில் கத்தினாள். அவசரக்காரி என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு படித்தும் பெட்டியில் பஞ்சாங்கம் வைத்திருந்தவள் நான்.

பன்னிரண்டு அடித்ததும் ஏறினோம். பாதி வழியில் படகு சேற்றில் உட்கார்ந்தது. கடலில் தண்ணீர் இறங்கும் நேரம் இந்த ஊர்க் கால்வாயும் வற்றும். படகுக்காரி என் பெட்டியைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கினாள். பின்னாலேயே நானும் இடுப்பளவு சேற்றில் நடந்தேன்.

"நல்ல நேரம் பாத்தியேம்மா!" என்றார் அவர்.

போய்ச் சேர்ந்தபோது குழந்தையின் தலை வெளியே வந்துவிட்டிருந்தது. கழுத்தில் தொப்புள்கொடி சுற்றி, முகம் நீலம் பாய்ந்திருந்தது. கையைக் கழுவிக் கொடியை விலக்கி வெளியே எடுத்தேன். அது அழவில்லை. வாயைத் துடைத்து, முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு பூனைக்குட்டி போல ஒரு சத்தம் வந்தது.

"எங்கக்கா பூட்ட? கூப்ட்டுக்கினே இருந்தேனே" என்றாள் பெற்றவள்.

குழந்தையைத் துணியில் சுற்றி அவள் மார்பில் வைத்தேன்.

இந்த வேலைக்கு வரும் தங்கைகளுக்குச் சொல்கிறேன். போகும் ஊரில் தண்ணீர் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று முதல் நாளே கேளுங்கள். வலி எடுத்தவளுக்கு அவள் வலிதான் நேரம்.

நான் தங்கியிருந்த அண்ணன் வீடு தண்ணீருக்குத் தள்ளி மேட்டுத் தெருவில் இருக்கிறது. போன திங்கட்கிழமை என் பெட்டியையும் பாயையும் எடுத்துக்கொண்டு, படகுத்துறையை ஒட்டிய ஓர் அறைக்குக் குடிவந்துவிட்டேன்.