தையல் பிரிந்த கமிட்டி

இடஒதுக்கீட்டுப் போராட்டம் அடங்கிய பிறகும் மலைச் சாலையில் வெட்டிப் போட்ட புளியமரங்கள் கிடந்த இடத்திலேயே கிடந்தன. கல்வராயன் மலைக்குப் போகவேண்டிய ரேஷன் அரிசி லாரி, கள்ளக்குறிச்சியில் எங்கள் சப்-கலெக்டர் ஆபீஸ் வாசலில் நின்றது. மேலே அரிசி தீர்ந்து நான்கு நாள்.

மரங்களை அகற்ற அமைதிக் கமிட்டி போட்டோம். ஊர்த்தரப்புக்கு கண்ணுசாமி, காலனித்தரப்புக்கு மாரிமுத்து. பட்டினி கிடந்த மலைக்காரர்களுக்கு அதில் இடமில்லை. கமிட்டிக்கு ஒரு பேனரும் உண்டு. ஆளுக்குப் பாதித் துணி, நடுவில் தையல்.

முதல் கூட்டத்திலேயே முட்டிக்கொண்டார்கள்.

"வெட்னவங்க எடுக்கட்டும்," என்றார் மாரிமுத்து.

"எடுத்தா நாங்கதான் வெட்னோம்னு ஆயிடும்," என்றார் கண்ணுசாமி.

வடநாட்டுக்காரரான சப்-கலெக்டர் கடுப்பாகி, கமிட்டி 'கமிங் அபார்ட் அட் த சீம்ஸ்', சாயங்காலத்துக்குள் கூடி ஒரு முடிவுக்கு வராவிட்டால் கலைத்துவிடுவேன் என்று ஆங்கிலத்தில் எழுதினார். தமிழில் நோட்டீஸ் ஒட்டுவது என் வேலை. ஆங்கில நாவல் படிக்கிறவன் என்று ஆபீசில் எனக்கு ஒரு பெயர். அதைப் பரப்பியவனும் நானே. அகராதியில் 'சீம்' என்றால் தையல். 'கமிட்டியின் தையல் பிரிந்து வருகிறது' என்று எழுதி ஒட்டினேன்.

அரைமணியில் டெய்லர் பாஷா பேனரோடு வந்தார்.

"இன்னா சார், என் தையல் பிரியுதுன்னு போர்டுல போட்டுக்கினு. எந்த எடம், காட்டுங்க."

பின்னாலேயே இரண்டு தரப்பும்.

"எங்க பக்கம் நல்லாத்தான் கீது. அவங்க இழுத்திருப்பாங்க," என்றார் கண்ணுசாமி.

"நாங்க இன்னாத்துக்கு இழுக்குறோம்?" என்றார் மாரிமுத்து. "இப்ப இழுத்தே பாத்துடலாம். புடிங்க அந்தாண்ட."

ஆளுக்கொரு முனை பிடித்து மூச்சு முட்ட இழுத்தார்கள். ஒரு நூல்கூட அசையவில்லை.

"டபுள் தையலுங்க," என்றார் பாஷா.

மூவரும் மெல்ல என் பக்கம் திரும்பினார்கள்.

கமிட்டியை அவமதித்த குமாஸ்தாவை மாற்ற வேண்டும் என்று ஒரே மனு. கீழே இரு தரப்புக் கையெழுத்தும். கமிட்டி ஒருமனதாக முடிவெடுத்தது அந்த ஒரு முறைதான்.

"ஆளை மாற்றுகிறேன். மரத்தை எடுங்கள்," என்றார் சப்-கலெக்டர்.

மறுநாள் இரு தரப்பும் ரம்பத்தோடு சேர்ந்து போனார்கள். சேர்ந்து எடுத்ததால், வெட்டியவர் யார் என்ற பேச்சே எழவில்லை. லாரி கிளம்பியது. மாறுதல் உத்தரவோடு நானும் அதிலேயே வெள்ளிமலைக்கு ஏறினேன்.

அந்த ஆங்கிலத் தொடருக்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை. நிலைகுலைந்து போவது என்று பொருள். அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து, அகராதியின் அடுத்த வரியில் படித்துத் தெரிந்துகொண்டேன்.