மணி மேசையில் இருந்து பார்த்த பெரிய ஷோ

1. ஆள் வராத நாள்

புலம்பெயர்ந்து வந்த நகரத்தில், கிளென் ஈடன் என்ற பகுதியில் ஒரு மண்டபத்துக்கு நான் பராமரிப்பாளர். கதிரை அடுக்குவது, விளக்கு பார்ப்பது, கடைசியில் பூட்டுவது என் வேலை. ஆட்களோடு அதிகம் கதைக்கத் தேவையில்லை என்பதால்தான் அந்த வேலையை விரும்பி எடுத்தேன். ஊரில் பள்ளிக்கூடத்தில் ஓ.எல். பரீட்சை வரைதான் படித்தேன். ஆங்கிலம் விளங்கும், வாய் திறக்கத்தான் கூச்சம்.

செந்தில் கோயம்புத்தூர்க்காரர். வார நாட்களில் கம்ப்யூட்டர் வேலை, சனி ஞாயிறில் மல்யுத்தப் பைத்தியம். அவர் தன் முதல் ஷோவுக்கு எங்கள் மண்டபத்தை வாடகைக்கு எடுத்திருந்தார். ஆட்டம் தொடங்கப் போகிற நேரத்தில் என்னிடம் ஓடி வந்தார்.

"அண்ணே, ஒரு ஹெல்ப். மணி அடிக்கிறவன் வரல. நீங்க உக்காந்து அடிச்சா போதும்."

"எனக்கு உந்த மல்யுத்தம் ஒண்டும் தெரியாது, தம்பி."

"தெரியாததுதான் நல்லது. தெரிஞ்சவன் ஆட்டத்தைப் பார்த்துட்டு மணிய மறந்துடுறான். காதுல நான் சொல்றப்ப மட்டும் அடிங்க. கடவுளே வந்து சொன்னாலும் அடிக்காதீங்க."

காதுக்குள் ஒரு கருவியைச் செருகி, கையில் சுத்தியலைத் தந்தார். அவர் சொல்வது எனக்குக் கேட்கும். திருப்பிச் சொல்ல என்னிடம் மைக் இல்லை. எனக்கு அது வசதியாகவே இருந்தது.

2. பெரிய ஷோ வளர்ந்த விதம்

அன்றிலிருந்து வருடத்துக்கு ஒரு முறை, குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம், அந்த ஷோ நடக்கிறது. எங்களுக்குள் அதற்குப் பெயர் 'பெரிய ஷோ'. முதல் வருடம் ஒரே ஒரு கமரா. மழை கூரையில் கொட்டியதில் வர்ணனையே கேட்கவில்லை. பிறகு செந்தில் அதை பே-பர்-வியூ ஆக்கினார். வீட்டிலிருந்து காசு கட்டிப் பார்க்கலாம். மெல்பனிலும் டொரன்டோவிலும் ஆட்கள் பார்க்கிறார்கள் என்றார். எங்கள் சனம் சாமான் வாங்கும் சான்ட்ரிங்ஹாம் கடைத்தெருவில் எங்கள் போஸ்டர் அரிசி மூட்டை விளம்பரத்துக்குப் பக்கத்தில் தொங்கியது.

கொரோனா வருடத்தில் மண்டபம் வெறுமை. சத்தம் இல்லாமல் ஆட்டம் செத்துப்போய்க் கிடந்தது. நாங்கள் வேலையாட்களே கமராவுக்குப் பின்னால் நின்று கதிரைகளைத் தட்டிக் கத்தினோம். நான் கத்தியது என் மனைவிக்கு இன்றும் நம்ப முடியாத செய்தி.

அந்த வருடம்தான் கபில் வந்தார். தாய் தகப்பன் யாழ்ப்பாணம், பிறந்தது இங்கே. நகரத்தின் தெற்குப் பக்கம் தகனினியிலிருந்து மோட்டர்வேயில் வாகனத்தில் ஓடி ஓடி வீடுகளுக்கு இணையக் கேபிள் போடுகிறவர். ரிங்கில் அழகாகத் தோற்பார். மற்றவரைப் பலசாலியாகக் காட்ட அப்படித் தோற்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். வருடக்கணக்கில் அவர் அந்த வேலையைச் செய்தார்.

3. கைகளைக் குறுக்கே உயர்த்துவது

மல்யுத்தத்தில் முடிவு முதலே பேசிவைத்ததுதான். ஆனால் விழுவது உண்மை. அதனால் இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒருவர் மோசமாக விழுந்தால் ரெஃபரி அவருடைய கையைப் பிடிப்பார். விழுந்தவர் திருப்பி அழுத்தினால் நலம். அழுத்தாவிட்டால் ரெஃபரி தன் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே குறுக்காக உயர்த்துவார். இது நடிப்பல்ல, மருத்துவ உதவியாளர் ஓடி வர வேண்டும் என்பது அர்த்தம்.

இரண்டு வருடங்களுக்கு முன்னர் செந்திலுக்கு ஒரு யோசனை வந்தது. ரெஃபரி டேவ் பொய்யாக அந்தச் சைகையைக் காட்ட வேண்டும். எல்லோரும் பதறும்போது, விழுந்தவர் துள்ளி எழுந்து எதிராளியைப் பின்னாலிருந்து அடிக்க வேண்டும். டேவ் நீண்ட காலம் ரெஃபரியாக இருந்தவர். அதோடு மட்டும் விளையாடாதே என்றார். செந்தில் கேட்கவில்லை. டேவும் கடைசியில் செய்தார். வீட்டில் பார்த்தவர்கள் எல்லாம் நம்பி ஏமாந்து, அதைப் பற்றியே வாரக்கணக்கில் எழுதினார்கள். செந்தில் தலைகால் தெரியாமல் மகிழ்ந்தார்.

4. மூடாத கை

போன வருடப் பெரிய ஷோவின் கடைசி ஆட்டம் கபிலுடையது. அன்று அவர்தான் வெல்ல வேண்டும், சாம்பியன் பெல்ட் அவருக்கு. முடிவுக்குச் சற்று முன்னர் கயிற்றின் உச்சியிலிருந்து பாயும்போது கால் வழுக்கிவிட்டது. கழுத்து அடிபட, ரிங்குக்குள் என் மேசைப் பக்கமாகவே விழுந்தார்.

டேவ் குனிந்து கையைப் பிடித்தார். கபிலின் விரல்கள் விரிந்தபடியே கிடந்தன. டேவ் மறுபடி பிடித்தார், விரல்கள் மூடவில்லை. பிறகு எழுந்து கைகளைக் குறுக்கே உயர்த்தினார்.

சனம் சிரித்துக் கைதட்டியது. "மறுபடியுமா!" என்று ஆங்கிலத்தில் ஒருவர் கூவினார். மருத்துவ உதவியாளர் நுழைவுத் திரைக்கருகில் நின்று, இது முந்தைய வருட விளையாட்டா என்று செந்திலைப் பார்த்தார். என் காதில் செந்தில் சிரிப்பது கேட்டது.

"யாரும் போகாதீங்க. கபில் அவனாவே ஏதோ பண்றான். சூப்பரா பண்றான்!"

எதிராளியும் அப்படித்தான் நினைத்தார். கபில் துள்ளி எழுவார் என்று நம்பி, அவர் மேல் பாய்வதற்காகக் கயிற்றில் ஏறத் தொடங்கினார். டேவ் கத்தியது அந்த இரைச்சலில் யாருக்கும் எட்டவில்லை. ரிங்குக்குள் இருப்பவர் எதைக் கேட்டாலும் கேட்காவிட்டாலும் மணியைக் கேட்பார். மணி அடித்தால் ஆட்டம் முடிந்தது.

நான் சுத்தியலை எடுத்தேன். செந்தில் கண்டுவிட்டார்.

"அண்ணே, மணியத் தொடாதீங்க. லைவ் போயிட்டிருக்கு!"

அடித்தேன்.

"யார் அடிக்கச் சொன்னா? அண்ணே! நிறுத்துங்க!"

மூன்று முறை அடித்தால் போதும் என்பது வழக்கம். நான் நிறுத்தவில்லை. எதிராளி கயிற்றிலிருந்து இறங்கி, கபிலின் முகத்தைப் பார்த்து, தன் வாயைப் பொத்திக்கொள்ளும் வரை அடித்தேன். உதவியாளர் ரிங்குக்குள் ஓடிவரும் வரை அடித்தேன். சனம் என்னைப் பார்த்துக் கூச்சலிட்டது. கமரா என் பக்கம் திரும்பியது. காதில் செந்திலின் சத்தம் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது.

வென்றவர் யார் என்று அறிவிக்காமலே ஒளிபரப்பு முடிந்தது.

5. அதன் பிறகு

கழுத்தெலும்பில் முறிவு. அந்த இடத்தில் இன்னொரு அடி விழுந்திருந்தால் கை கால் வழங்காமல் போயிருக்கும் என்று டொக்டர் சொன்னதாகக் கபிலின் அம்மா சொன்னார். நடக்கலாம், வேலைக்குப் போகலாம். மல்யுத்தம் இனி இல்லை.

நான் பார்க்கப் போனபோது கபில் கழுத்துப் பட்டையோடு சோபாவில் இருந்தார். முகத்தைத் திருப்பவில்லை.

"பெல்ட் எனக்குத்தானே, அங்கிள். ஆல்ரெடி டிசைட் பண்ணினது. இன்னும் டூ மினிட்ஸ்தான் இருந்தது."

"ஓம். தெரியும்."

"தென் வை?"

அவருடைய அம்மா குறுக்கிட்டார். "நான் இஞ்ச இருந்து டீவியில பாத்தனான், அண்ணை. அந்த மணி கேட்டாப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அவன் உப்பிடித்தான் சொல்லுவான். நீங்கள் தேத்தண்ணியைக் குடியுங்கோ."

நான் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தபோது செந்தில் மண்டபத்துக்கு வந்தார். "சொன்னேன்ல, தொடாதீங்கன்னு. நீங்க அதைக் கேட்டிருந்தா..." அவரும் என்னோடு சேர்ந்து கதிரைகளை அடுக்கினார்.

இந்த வருடப் பெரிய ஷோவுக்கு முன்னர் செந்தில் எல்லோரையும் கூப்பிட்டு இரண்டு விதி சொன்னார். அந்தச் சைகை இனி எந்தக் கதைக்கும் இல்லை. மணி மேசையில் இருப்பவருக்குச் சந்தேகம் வந்தால் அவர் யாரையும் கேட்காமல் அடிக்கலாம்.

புதிதாக மணி மேசைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான். ஆட்டத்தைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள். சந்தேகம் வந்தால் அடியுங்கள். கெட்டுப்போன ஷோவை அடுத்த வருடம் திரும்ப நடத்தலாம்.

கபில் இப்போது வர்ணனையாளர். கழுத்து திரும்பாததால், ஆளைப் பார்க்க முழு உடம்பையும் திருப்புவார். செந்தில் விதி சொன்ன, புதியவர்கள் நிறைந்திருந்த அந்தக் கூட்டத்திலும் அப்படித் திரும்பி என்னைக் காட்டினார்.

"இவர்தான் என்ட பெல்ட்டைக் கெடுத்த ஆள்!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வழக்கமாக நான் தரையைப் பார்க்கிற இடம் அது.

"ஓம், நான்தான்," என்றேன், பின்வரிசைக்கும் கேட்கிற மாதிரி. "இனியும் கெடுப்பன்."