சிலேட்டில் என் மூக்கு

டிராயிங் வகுப்பு வந்தால் நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். அப்போது அரியலூரில் நான்காம் பாரம், அதாவது ஒன்பதாம் வகுப்பு, படித்தேன். இரண்டாம் உலகச் சண்டைக் காலம்; காகிதம் கிடைக்காததால் சிலேட்டில்தான் வரைவோம். மாஸ்டர் வாரம் தவறாமல் ஸ்டூலில் அதே மண்பானையை வைப்பார். பானையில் வரைய என்ன இருக்கிறது? என் அப்பாவை வரவழைத்துச் சொல்லியும் பார்த்தார். நான் அசையவில்லை.

ஒருநாள் அந்தப் பானை உடைந்துபோயிருந்தது. மாஸ்டர் என்னைப் பார்த்தார்.

"நீயும் சும்மாதானே உக்காந்திருக்கே. வந்து ஸ்டூல்ல உக்காருடா."

வகுப்பே என்னை வரைந்தது. முடிந்ததும் எழுந்துபோய்ப் பார்த்தேன். ஒரு சிலேட்டில் என் மூக்கு கத்தரிக்காய் மாதிரி இருந்தது. இன்னொன்றில் மூக்கே இல்லை. எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"இது என் மூக்கு இல்ல சார்."

"அப்ப அழிச்சுட்டு நீயே போடு."

பக்கத்துப் பையனின் சிலேட்டைப் பிடுங்கி, எச்சில் தொட்டு அழித்தேன். முகம் பார்க்கக் கண்ணாடி இல்லை. இடது கையால் மூக்கைத் தடவித் தடவி, வலது கையால் வரைந்தேன். நடுவில் எலும்பு லேசாக மேடேறியிருப்பது அன்றுதான் எனக்கே தெரிந்தது. அந்த மேடு சரியாக விழுந்ததும் அடுத்த சிலேட்டை இழுத்தேன். மணி அடித்த பிறகும் நிறுத்தவில்லை.

"அடுத்த வாரம் புதுப் பானை வந்துடும். வரைவியா?" என்றார் மாஸ்டர்.

"பானையத் தொட்டுப் பாக்கலாமா சார்?"

அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அதற்குப் பிறகு எத்தனையோ முகங்களை வரைந்துவிட்டேன். பானையில் வரைய என்ன இருக்கிறது என்று மட்டும் மறுபடி நான் கேட்டதில்லை.